பெரிய டீச்சரின் முடிச்சுக் கயிறு

பயிற்சிப் பள்ளியை முடித்து இந்த வருஷம் ஊர்களுக்கு வேலைக்குப் போகும் தங்கைமார்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நான் ஐந்து வருஷம்தான் வேலை பார்த்தேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள் என்று விட்டுவிட்டேன். ஐந்து வருஷத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன சொல்வது என்று மூன்று நாள் தயங்கினேன். இப்போது ஏணையில் சின்னவன் தூங்குகிறான். அவன் விழிப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

உங்களுக்கு உபயோகமாக என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அது என்னோடு வேலை பார்த்த ஒருத்தியைப் பற்றியது. அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவளைப் புகழ்ந்ததாகிவிடுமே என்ற எண்ணமும் அதில் கொஞ்சம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதல் வேலை ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். பாளையங்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் போனேன். மடியில் ஒரு சுவர்க் கெடிகாரம். குலுங்கி உடைந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் அதைப் பிள்ளை மாதிரிப் பிடித்திருந்தேன். அந்த ஊருக்கு நாகரிகம் என் மடியில்தான் வருகிறது என்று நான் நினைத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாளில் பெண்பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கூடம் வருவதில்லை. அழைத்து வருவதற்கென்றே பள்ளிக்கூடத்தில் ஒரு ஆயா உண்டு. எங்கள் ஊரில் ஞானம் ஆயா. காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து, கடைத்தெரு வழியாகக் கொண்டுவந்து விடுவாள். நாலு மணிக்குத் திரும்பக் கொண்டுபோவாள். அவளுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் கடைத்தெருவில் சிதறி, ஒன்று வளையல் கடையில் நிற்கும், ஒன்று குரங்காட்டியின் பின்னால் போகும். இதைச் சீர்திருத்த வேண்டுமென்று நான் ஒரு யோசனை செய்தேன். நீளமான தென்னங்கயிறு வாங்கி, இரண்டு முழத்துக்கு ஒரு முடிச்சாக இருபத்திரண்டு முடிச்சுப் போட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு முடிச்சு. எல்லோருக்கும் வெள்ளை ரவிக்கை. முடிச்சைப் பிடித்தபடி வரிசையாக நடக்க வேண்டும்.

முதல் நாளே கடைத்தெருவில் ஒருவர் கூவினார். "ஏலே, அங்கன பாருலே! வாத்தியாரம்மா பிணையல் மாடு ஓட்டிட்டுப் போறாக. இன்னைக்கு எந்தக் களத்துல சூடடிப்பு?"

"களம் இல்ல வே, படிப்பு," என்றார் இன்னொருவர்.

கதிர் மிதிக்க ஒரே கயிற்றில் பிணைத்து ஓட்டும் மாடுகளோடு என் வரிசையைச் சேர்த்ததும் எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அந்த வருஷம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரைசானி கெடிகாரத்தையும் கயிற்றையும் பார்த்து, "இதுவல்லவா ஒழுங்கு" என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அதன் பிறகு யார் சிரித்தாலும் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் அவள் வந்தாள். பயிற்சிப் பள்ளியில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள். நான் தேறிய உயர்தரப் பரீட்சையில் அவள் தவறிவிட்டாள். அதனால் சின்ன வகுப்புகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வந்தாள். பிள்ளைகள் என்னைப் பெரிய டீச்சர் என்றும் அவளைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

அவள் வந்து ஒரு மாதத்துக்குள் ஊர்ப் பெண்களுடைய பேச்சில் நான் இல்லாமல் போனேன். நான் வீட்டுக்குத் தண்ணீர் வரவழைத்துக் குளிப்பேன். அவள் ஆற்றுக்குப் போவாள். காலையில் படித்துறையில் துணி அடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் நடுவில் அவளும் உட்கார்ந்து துணி அடிப்பாள். அங்கே என்ன பேசுகிறாள் என்று தெரிந்தால்தான் எனக்கு மனம் ஆறும் போலிருந்தது. ஒருநாள் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதுவரை குடம் தூக்கியதில்லை.

அவள் அந்தப் பெண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "யக்கா, உங்க பிள்ளையள் எந்த வழியா வந்தா உங்களுக்கு மனசுக்கு நிம்மதி?"

சொர்ணத்தின் அம்மா நிமிர்ந்தாள். சொர்ணம் என் வகுப்பில் பெரியவள், பன்னிரண்டு வயது, கயிற்றின் முதல் முடிச்சு அவளுடையது. அவள் அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவள். "ஆயாவுக்குக் காலு நடுங்குது. அவ பிள்ளையளக் கூட்டிட்டு வாராளா, பிள்ளையள் அவளக் கூட்டிட்டு வருதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "எம் பிள்ள தினம் வாய்க்காக் கரை மேல கொடிக்காலுக்குச் சோறு கொண்டாரா. கண்ணக் கெட்டி விட்டாலும் பள்ளிக்கூடம் வந்துருவா. சின்னதுகளையும் அவ கூட்டியாரட்டும்."

கோயில் தெருப் பெண் ஒருத்தி, "எங்க வீட்டுல அவுக ஏசுவாக. எம் பிள்ள ஆயாகூடத்தான் வரும்," என்றாள்.

"சரிக்கா, ஆயாகூடவே வரட்டும்," என்றாள் இவள். அவ்வளவுதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானாக இருந்தால் அந்தப் பெண்ணைத் திருத்த அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

மறுவாரம் முதல் கரைப்பக்கத்துப் பிள்ளைகள் கயிறும் ஆயாவும் இல்லாமல் வாய்க்கால் கரை வழியாகத் தாங்களாகவே வந்தார்கள். பேசிக்கொண்டு, புளியம்பழம் சப்பிக்கொண்டு, ரவிக்கையில் மண்ணோடு. மணி அடிப்பதற்கு முன்பே வந்தார்கள். கோயில் தெருப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும் என் கயிற்றில் வந்தார்கள். இருபத்திரண்டு முடிச்சில் நாலு முடிச்சுக்குக் கை. மீதி தரையில் இழுபட்டது.

நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். "நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது?"

"பெத்தவுககிட்டக் கேட்டுத்தான செஞ்சேன்க்கா? பதிலும் அவுகளே சொல்லுதாக."

 அன்று இரவே மேனேஜர் ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் சரகத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒருவரை வேலையில் வைப்பதும் எடுப்பதும் அவர்தான். "பிள்ளைகளின் பத்திரத்தை முன்னிட்டு" என்று தொடங்கி ஒரு தாள் நிறைய எழுதினேன். எழுதும்போது பத்திரம்தான் காரணம் என்று நானும் நம்பினேன். தங்கைமார்களே, காரணம் அது இல்லை. அந்த வாரம் சொர்ணம் ஒரு கடினமான கணக்கைத் தானே போட்டுவிட்டாள். என் வகுப்புப் பிள்ளை, நான் சொல்லிக்கொடுத்த கணக்கு. அவள் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடி, சின்ன டீச்சரிடம் முதலில் காட்டினாள்.

ஐயா உடனே பதில் போட்டார். அடுத்த திங்கட்கிழமை தானே வந்து விசாரிப்பதாகவும், புகார் உண்மையானால் சின்ன டீச்சரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகவும், அதுவரை ஒரு பிள்ளையும் ஆயா இல்லாமல் வெளியே போகக் கூடாதென்றும் எழுதியிருந்தார். கடிதத்தை அவளிடம் காட்டினேன். அவளுக்கு வீட்டில் தகப்பன் இல்லை, இரண்டு தம்பிகள் அவள் சம்பளத்தில்தான் படித்தார்கள். அது எனக்குத் தெரியும். அவள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்து மடித்துத் தந்தாள். "நீங்க எழுதினியளாக்கா?" என்று கேட்டாள். நான் கெடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டேன்.

அது ஐப்பசி. வியாழக்கிழமையிலிருந்து விடாமல் மழை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு செம்மண் நிறமாகி, வேரோடு பிடுங்கிய வாழை மரங்கள் மிதந்து போவது பள்ளிக்கூட வாசலிலிருந்தே தெரிந்தது. மேற்கேயிருந்து வந்த வண்டிக்காரர் வண்டியை நிறுத்தாமலே கத்தினார். "வாத்தியாரம்மா, அணையத் தாண்டி விழுது! பிள்ளையள அனுப்பிருங்க!"

மணி ஒன்றரை. ஆயாவுக்குக் காய்ச்சல், காலையில் எப்படியோ பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் படுக்கப் போயிருந்தாள். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆயா இல்லாமல் யாரும் போகக் கூடாது என்பது உத்தரவு. அந்த உத்தரவை வாங்கியவள் நான். கதவைத் தாழிட்டேன்.

சின்ன டீச்சர் வந்தாள். "அக்கா, நீங்க சொல்லுதபடி கேட்டுக்கிடுதேன். ஒரே ஒரு தடவ சொர்ணத்தக் கூப்பிட்டு வழி எப்படி இருக்கும்னு கேளுங்க."

ஒரு பிள்ளையிடம் கேட்பதா? நான் கேட்கவில்லை. இரண்டு மணி, இரண்டரை.  அனுப்பி ஏதாவது ஆனால்? அனுப்பாமல் ஆனால்? கெடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதையே துணையாகப் பிடித்துக்கொண்டேன். மூன்று மணிக்குத் தண்ணீர் பள்ளிக்கூடத்து முதல் படியைத் தொட்டது. ஆயா வரப்போவதில்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகும் நான் எடுத்தது கயிற்றைத்தான். இருபத்திரண்டு பேரையும் முடிச்சைப் பிடிக்கச் சொன்னேன். நான் முன்னால், சின்ன டீச்சர் கடைசியில் ஒரு குட்டிப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி. கடைத்தெரு வழி. அதுதான் நியமித்த வழி. வாய்க்கால் கரை வழி ஆண்கள் வேலை செய்யும் இடம் என்று நான் அதில் ஒருநாளும் நடந்ததில்லை.

சொர்ணம் முதல் முடிச்சிலிருந்து, "டீச்சர், இந்தப் பக்கம் பள்ளம். பாலத்துக்கு மேல தண்ணி போகும்," என்றாள்.

"பேசாமல் நட," என்றேன்.

வாய்க்கால் பாலத்துக்கு மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. பாதி தூரத்தில் ஒரு சின்னப் பெண் கால் வழுக்கினாள். அவள் கயிற்றை விடவில்லை. விடக் கூடாது என்று நான்தான் பழக்கியிருந்தேன். கயிறு இழுத்து முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். கயிறு எல்லோரையும் ஓரமாக இழுத்தது.

"கயித்த விடுங்கட்டி!" என்று சொர்ணம் கத்தினாள். "பெரியவளுக எல்லாம் ஆளுக்கொரு சின்னதத் தூக்குங்க! வந்த வழியே திரும்பி, கரைக்கு ஏறுங்க!"

"விடாதே! பிடி! யாரும் விடக் கூடாது!" என்று நான் கத்தினேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். சொர்ணத்தைப் பார்த்தார்கள். பிறகு திரும்பிச் சின்ன டீச்சரைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.  பிறகு ஒவ்வொரு கையாகக் கயிற்றை விட்டது. விழுந்தவர்களைத் தூக்கினார்கள், சின்னவர்களை இடுப்பில் ஏற்றினார்கள், பாலத்தை விட்டுத் திரும்பி வாய்க்கால் கரைமேல் ஏறினார்கள். நான் தண்ணீரில் வெறுங்கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

சொர்ணம் கரையிலிருந்து திரும்ப இறங்கி வந்தாள். "கையத் தாங்க டீச்சர். பைய வாங்க. வழுக்கும். கரை ஒண்ணும் செய்யாது, கோடையில எங்க அப்பாவும் ஊர்க்காரங்களும் மண்ணு போட்டு ஒசத்துனாக."

கெடிகாரத்தைக் காட்டி மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். உலகப்படத்தில் லண்டன் எங்கே என்று தொட்டுக் காட்டக் கற்றுக்கொடுத்தேன். தங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர அவர்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அன்று என்னை அந்தப் பிள்ளைகள்தான் ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு முழங்காலில் காயம், இரண்டு ஸ்லேட்டுகள் போயின. வேறு ஒன்றும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

"ஏன் நீ அப்போது வாயைத் திறக்கவில்லை?" என்று அன்று மாலை அவளிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கும் வழி தெரியாதுக்கா. தெரிஞ்சவ பேசிட்டு இருந்தா. நடுவுல நான் எதுக்கு?"

இப்போதும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதை நான் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமை ஐயா வந்தார். வெள்ளம் வடிந்திருந்தது. அவர் முகமெல்லாம் சந்தோஷம். "உங்கள் கயிற்றைப் பற்றி வழியெல்லாம் கேள்விப்பட்டேன் அம்மா," என்றார். பெரிய டீச்சர் இருபத்திரண்டு பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் பிடித்து வெள்ளத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டார் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரகத்தில் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இப்படி ஒரு கயிறு வாங்கிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும், சுவரோரம் நின்ற அவளுக்கும் தெரியும்.

நான் சும்மா இருந்தால் போதும். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. பார்வைப் புத்தகத்தில் என் பெயர் ஏறும், அவள் ஊருக்கு வண்டி ஏறுவாள், சொர்ணம் ஸ்லேட்டை என்னிடம்தான் காட்ட வேண்டியிருக்கும். கெடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன், நான் சும்மாதான் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஜன்னலைப் பார்த்தேன். வெளியே பெண்கள் நின்றார்கள். சொர்ணத்தின் அம்மா, இன்னும் ஏழெட்டுப் பேர், கோயில் தெருப் பெண்ணும்கூட.  நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனசாட்சிதான் என்னைப் பேச வைத்தது என்று எழுத ஆசை. பாதி அதுவாக இருக்கலாம். மறுபாதி அந்த ஜன்னல்.

"ஐயா, கயிற்றைப் பிடித்ததால் விழுந்தோம்," என்றேன். "விட்டதால் பிழைத்தோம். விடு என்று சொன்னது சொர்ணம். நான் பிடி என்றேன். கரை வழி அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்த வழியில் அவர்களை நடக்கவிட்டது இவள்."

ஐயா, "அப்படியானால் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

சொர்ணத்தின் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஐயா, வாரதையும் போறதையும் நாங்களும் பிள்ளையளும் பாத்துக்கிடுதோம். பாடத்த இவுக பாத்துக்கிடட்டும். ரெண்டு டீச்சரும் வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "கயித்த மட்டும் கொண்டாங்க, எங்க பசுவுக்கு ஆகும்," என்றாள்.

ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வருஷம் போகட்டும், பார்ப்போம்," என்று உறையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். கோயில் தெருப் பெண் கடைசிவரை தன் பிள்ளையை ஆயாவோடுதான் அனுப்பினாள். சின்ன டீச்சர் அவளை ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. தனியே விடுவதை ஒரு புது விதியாக்கி அதை அவள்மேல் சுமத்தவில்லை. இது எனக்குப் புரிய நெடுநாள் ஆனது.

நீங்கள் போகும் ஊர்களுக்குக் கெடிகாரம் கொண்டுபோங்கள், படம் கொண்டுபோங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதையாவது புதிதாக மாட்டும்போது, அது பிள்ளை நடக்க உதவுகிறதா, நாம் பிடித்துவைத்துக்கொள்ள உதவுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பதில் தெரியாவிட்டால் படித்துறையில் போய்க் கேளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

எனக்கு அதே ஊரில், ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணமாயிற்று. சின்ன டீச்சர்தான் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை. கயிற்றை நான் பசுவுக்குக் கொடுக்கவில்லை. கொல்லையில் கட்டி, சின்னவன் துணி காயப் போடுகிறேன். முடிச்சு இருப்பதால் காற்றில் துணி நகர்வதில்லை. அதற்கு நல்ல கயிறு.

என் மகள் ரூத்துக்கு ஐந்து வயது. போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் "எங்க டீச்சர், எங்க டீச்சர்" என்கிறாள். ஒரு காலத்தில் நானும் டீச்சராக இருந்தேன் என்று சொன்னேன். "நீயா?" என்று கேட்டாள்.

தினமும் அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். போன வாரம் வாய்க்கால் பாலத்தில் கையை உருவிக்கொண்டாள். "யம்மா, நீ பாலத்தோட நின்னுக்கோ. எங்களுக்கு வழி தெரியும்." அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் கரையில் அவளுக்காகக் காத்து நின்றார்கள்.

முதல் நாள் ஒளிந்து ஒளிந்து பின்னாலேயே போனேன். ஒரு கொடிக்கால்காரர் பார்த்து, "என்னம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டியளா?" என்று கேட்டார். வெட்கப்பட்டுத் திரும்பினேன்.

இன்று காலை பாலத்தில் நின்றுவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது. அதைப் பார்க்கக் கூடாது என்று அவள் முதுகையே பார்த்தேன். கரை திரும்பும் இடத்தில் ரூத் கையைத் தூக்கி ஆட்டினாள். எனக்குத்தான் என்று நானும் கையை உயர்த்திவிட்டேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. தூரத்தில் பள்ளிக்கூட வாசலில் சின்ன டீச்சர் நின்றுகொண்டிருந்தாள்.

வயிறு எரியத்தான் செய்தது. நாளைக்கும் பாலத்தோடு நின்றுவிடுவேன்.